கேள்வி எண் நான்கு

6 பிப்ரவரி 2023, திங்கள்

காலை 10.20க்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் அயல்நாட்டவர் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆணையாளர் அம்மையார் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "நீங்கதான பி.எல். படிச்சவர், நீங்களே பாத்து முடிச்சிருங்க" என்று என் மேசைக்கு அனுப்பிவிட்டார். ஆவுடையூர் நகராட்சியின் மேலாளர் சட்டம் படித்திருப்பது அவனுக்குக் கூடுதல் தகுதியன்று; கூடுதல் வேலை.

பொருள் எளியது. நகர எல்லைக்குள் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வசிக்கும் தயாளினி, வயது 35, தம்மைப் பிறப்பால் இந்தியக் குடிமகள் என அங்கீகரிக்குமாறு விண்ணப்பித்திருக்கிறார். 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், இந்தியக் குடிமக்களே. அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருத்தல் வேண்டும். தயாளினியின் பெற்றோர் இருவரும் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். இணைத்துள்ள பிறப்புச் சான்றிதழில் தேதி 30.6.1987. ஒரே ஒரு நாள் முந்திப் பிறந்திருக்கிறார்.

குடியுரிமை மத்திய அரசின் சட்டம். பிறப்புப் பதிவோ மாநில விதிகளின்படி நகராட்சி செய்யும் வேலை. யார் இந்தியர் என்று முடிவு செய்ய எங்களுக்கு அதிகாரமில்லை. முடிவு செய்யத் தேவையான தேதி மட்டும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. ஆகவே முகாம்வாசிகளின் பிறப்புப் பதிவுகளை உள்ளாட்சி அமைப்பே சரிபார்த்து அறிக்கை தர வேண்டும் என்று மாநில அரசு சுற்றறிக்கை விட்டு, படிவமும் வகுத்திருக்கிறது. நான்கு கேள்விகள். பதிவு உள்ளதா? சான்றிதழ் அதனுடன் ஒத்துள்ளதா? திருத்தம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா? நான்காவது: "பதிவிலுள்ள தேதியின் உண்மை குறித்து ஐயம் எழுப்பக்கூடிய வேறு தகவல் ஏதேனும் கையொப்பமிடுபவருக்குத் தெரியவந்துள்ளதா? ஆம் / இல்லை."

கடைசி நாள் பிப்ரவரி 27. அரை மணி நேர வேலை.

மாலை வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சி. நாளை ஆள் சொல்ல வேண்டும்.

7 பிப்ரவரி, செவ்வாய்

பிறப்பு இறப்புப் பிரிவு உதவியாளர் இசக்கியம்மாள் 1987ஆம் ஆண்டின் மூலப் பதிவேட்டைத் தூக்கிவந்து என் மேசையில் போட்ட வேகத்தில் தேநீர்க் கோப்பை ஆடியது.

"இதுக்குள்ள பாம்பு கெடந்தாலும் கெடக்கும், பாத்துத் தொறங்க சார்."

வரிசை எண் 388. பெண் குழந்தை. தாய் தங்கரத்தினம். பிறந்த இடம் நகராட்சி மகப்பேறு நிலையம். தேதி 30.6.1987. அடித்தல் திருத்தல் இல்லை. மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது.

தேதிக்கு அருகில், ஓரத்தில், பென்சிலால் சிறிய எழுத்தில் ஏதோ இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். "இரவு 2.40."

"அது வீரபாகு ஐயா எழுதுனது" என்றார் இசக்கியம்மாள். வீரபாகு அக்காலத்து எழுத்தர், காலமாகிவிட்டார். "சாதகம் கணிக்க நேரம் வேணும்னு சனங்க வந்து நிக்கும்லா. பதிவேட்டுல நேரத்துக்குக் கட்டம் கெடையாது. அதான் எல்லாத்துக்கும் ஓரத்துல பென்சில்ல குறிச்சு வச்சிட்டாரு. அதுக்காகவே அவருக்கு ஊருல மருவாதி."

சட்டப்படி அந்தப் பென்சில் குறிப்பு பதிவின் பகுதியன்று. அறிக்கையை எழுதி முடித்தேன். நான்காம் கேள்விக்கு எதிரே மட்டும் இன்னும் எதுவும் எழுதவில்லை. தட்டச்சர் விடுப்பில் இருப்பதே காரணம்.

8 பிப்ரவரி, புதன்

தட்டச்சர் வந்துவிட்டார். அறிக்கையைக் கொடுக்கவில்லை. கம்பளிப்பூச்சிக்கு ஆள் வரவில்லை.

11 பிப்ரவரி, சனி

மைத்துனன் மகளுக்கு வந்த வரனின் சாதகத்தை என் மனைவி கோமதி சாப்பாட்டு மேசையிலேயே விரித்துவைத்துக்கொண்டிருந்தாள். நான், பொதுவாக, ஒரு பேச்சுக்காகக் கேட்டேன்: செவ்வாய்க்கிழமை இரவு இரண்டே முக்காலுக்குப் பிறந்தது என்று யாராவது சொன்னால், அது எந்த நாள்?

"செவ்வாய்தான்."

"அதாவது திங்கள் கழிந்து செவ்வாய் விடிவதற்கு முன்பா, அல்லது செவ்வாய் கழிந்து புதன் விடிவதற்கு முன்பா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது என்ன கேள்வி? செவ்வாய் ராத்திரின்னா செவ்வாய் பொழுதடைஞ்ச பெறகுதான். விடியற வரைக்கும் செவ்வாய். விடிஞ்சாத்தான் புதன். கோர்ட்டுல வேற மாதிரியா?"

கோர்ட்டில் வேறு மாதிரிதான். நள்ளிரவு பன்னிரண்டுக்கு நாள் மாறும்.

30.6.1987 செவ்வாய்க்கிழமை. வீரபாகு கடிகாரத்தைப் பார்த்துத் தேதி போட்டிருந்தால் தயாளினி இந்தியர். விடியலைப் பார்த்துப் போட்டிருந்தால் அவர் பிறந்தது ஜூலை முதல் தேதி. இரண்டில் எது என்று அந்தப் பக்கத்தில் இல்லை. இல்லாத ஒன்றைத் தேடுவது என் பணியன்று.

ரசத்தில் உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். கோமதி உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

13 பிப்ரவரி, திங்கள்

தேடினேன்.

வேறு ஒரு வழக்குக்காக என்று சொல்லி 1985 முதல் 1988 வரையிலான பதிவேடுகளை வரவழைத்தேன். இசக்கியம்மாள் நம்பவில்லை. "என்ன வழக்கு சார், புள்ள மாறிப்போச்சா?" என்றார்.

மாலை 4.15க்குக் கிடைத்தது. 1986 அக்டோபர், வரிசை எண் 611, 612. இரட்டைக் குழந்தைகள், உள்ளூர்க் குடும்பம். மூத்தது "இரவு 11.50." இளையது "இரவு 12.15." இரண்டுக்கும் தேதி 14.10.1986.

முதல் குழந்தை பிறந்து இருபத்தைந்து நிமிடம் கழித்து அடுத்தது பிறக்கிறது. நடுவில் நள்ளிரவு கடந்துவிட்டது. தேதி கடக்கவில்லை. வீரபாகு விடியலுக்கு விடியல் நாள் எண்ணியவர். அதற்கு இதைவிடத் தெளிவான சான்றை எந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் கேட்கமாட்டார்.

பதிவேட்டை மூடினேன். மூடிய பிறகும் எனக்குத் தெரிந்திருந்தது.

14 பிப்ரவரி, செவ்வாய்

ஒரேயொரு நிகழ்வு வழக்கத்தை நிறுவாது. நேர்மாறான பதிவு ஒன்று கிடைத்தால் போதும். முன்னது தனிப்பட்ட பிழையாகிவிடும். காலை முதல் மாலை வரை பார்த்தேன். பின்னிரவுப் பிறப்புகள் நூற்றுக்கு மேல். அவற்றில் நாளைத் தீர்மானிக்க இடம் தருபவை நான்கு. நான்கும் விடியல் கணக்கு.

"என்ன சார், பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே இசக்கியம்மாள் என் தோளுக்கு மேலாகத் திறந்திருந்த பக்கத்தை எட்டிப் பார்த்தார். வரிசை எண் 388. இருபது ஆண்டுகளாகப் பிறந்த தேதிகளோடு வாழ்பவர், விளக்கம் தேவைப்படவில்லை. தாழ்ந்த குரலில், "பென்சில்தான சார். ஒரு ரப்பர் போதும்" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆவணத்தைச் சிதைப்பது எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டுத் தண்டனை என்று விளக்கத் தொடங்கினேன்.

"அம்மாடி, நான் பாடமா கேட்டேன்? சும்மா சொன்னேன்" என்று போய்விட்டார்.

சட்டையின் பொத்தான்களை ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் அலுவலகத்தில் இருந்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்தபின் தெரிந்தது.

16 பிப்ரவரி, வியாழன்

பெற்றோர் பெயரை நேரில் உறுதி செய்துகொள்வது முறை என்பதால் முகாமுக்குச் சென்றேன். படிவத்தில் அதற்கான தேவை இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பழைய வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் புதிய தொகுப்பு வீடுகளுக்கு அடித்தளம் போட்டிருக்கிறார்கள். வாயிலில் பெயர் எழுதிக் கையொப்பமிட்டேன். தயாளினி தனியார் ஆய்வகத்தில் இரத்தப் பரிசோதனை செய்பவர். காலைப் பணி முடித்து வந்திருந்தார். கணவர் பெயின்ட் வேலைக்குக் கோவை போயிருக்கிறார். தாய் தங்கரத்தினம் அம்மாள் வாசலிலேயே நாற்காலி போட்டார்.

"இருங்கோ ஐயா. பிளேன்டீ குடியுங்கோ. ஆட்டுப்பால் மாட்டுப்பால் ஒண்டும் இல்லை."

பெயர்களைக் கேட்டேன். சொன்னார். எழுதிக்கொண்டேன். அத்துடன் எழுந்திருக்க வேண்டும்.

"இவள் பிறந்தது செவ்வாய்க்கிழமை, ஐயா" என்று அவர் தொடங்கினார்.

"அம்மா, நான் பெயர் மட்டும்தான் கேட்டேன்."

"நீங்கள் கேக்காட்டிலும் நான் சொல்லோணும் எல்லோ. கவர்மென்ட் ஆள் வந்து கேக்கிறது முப்பத்தஞ்சு வருசத்தில இண்டைக்குத்தான். செவ்வாய் பின்னேரம் வலி எடுத்திட்டுது. வாசல்ல நிண்ட அரிசி லொறியில ஏத்தினவை. ஆஸ்பத்திரியில ஒரு பெரிய மணிக்கூடு. நர்ஸ் அதைப் பாத்துச் சொன்னவ, ரெண்டு நாப்பது எண்டு."

"போதும் அம்மா."

"கேளுங்கோவன். விடிய ஆறு மணிக்குச் செக்கிங். எல்லாரும் வரிசையில நிக்கோணும், தலை எண்ணுவினம். இவளின்ர அப்பா ஆஸ்பத்திரியில இருந்து ஓடிவந்து, ஐயா, எங்கட வீட்டில ஒரு தலை கூடியிருக்கு எண்டு சொன்னவர். அதிகாரி சிரிச்சுக்கொண்டு பேர் இல்லாமலே எழுதினவர். பிறந்து மூண்டு மணித்தியாலத்தில என்ர பிள்ளை செக்கிங்கில ஏறியிட்டாள்." அவர் சிரித்தார். பெருமையாகச் சிரித்தார்.

செவ்வாய் மாலை வலி. புதன் காலை ஆள்கணக்கு. அந்தக் கணக்குப் பதிவேடு வருவாய்த் துறையில் இன்றும் இருக்கும். யாராவது கேட்டால் எடுத்துவிடுவார்கள். நான்காம் கேள்விக்கு நான் "ஆம்" என்று எழுதினால் கேட்பார்கள்.

தயாளினி வாயில் வரை உடன் வந்தார்.

"சார், எங்கம்மா எதாச்சும் தப்பா சொல்லிட்டாங்களா?"

"இல்லை."

"அப்புறம் ஏன் டீயைக் குடிக்காமக் கீழ வச்சிட்டீங்க?"

தேநீர் சூடாக இருந்தது என்றேன். உண்மையில் அது ஆறிவிட்டிருந்தது.

17 பிப்ரவரி, வெள்ளி

கம்பளிப்பூச்சிக்கு ஆள் வந்து மருந்தடித்தான். வேறு குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை.

20 பிப்ரவரி, திங்கள்

ஒரு வழி தோன்றியது. அதிகாலை நடையின்போது தோன்றியதால், பேருந்து நிலையத்தை மூன்று முறை சுற்றியிருக்கிறேன். பால்காரர் என்னை வழி தவறியவன் என்று எண்ணி விசாரித்தார்.

அனைத்தையும் எழுதிவிடுவது. நான்காம் கேள்விக்கு "ஆம்" என்று விடையளித்து, இரட்டைக் குழந்தைகளையும் பென்சில் குறிப்பையும் குறிப்பிட்டு, அதன்பின் சட்டவாதத்தை வைப்பது: இந்நகராட்சி, அரசின் அலுவலர் வழியாக, விடியல் முதல் விடியல் வரை ஒரே நாளாகக் கொண்டு பல்லாண்டுகள் பதிவு செய்திருக்கிறது, அப்பதிவுகளை நம்பியே இவ்வூரார் பள்ளியில் சேர்ந்தார்கள், வேலை பெற்றார்கள், ஓய்வு பெற்றார்கள், எல்லோருக்கும் செல்லுபடியான நாள்கணக்கை ஒரு பெண்ணுக்கு எதிராக மட்டும் மாற்றிக் கணிப்பது சமத்துவத்துக்கு முரண். இரண்டரைப் பக்கம் வந்தது. வாசிக்க வாசிக்க நன்றாக இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் நான் எழுதிய சிறந்த வரைவு இதுவே.

ஆணையாளர் கேட்டார்: "அந்த முகாம் ஃபைல் இன்னுமா முடியல? ஆமா இல்லைன்னு எழுதுறதுக்கு ரெண்டு வாரமா?"

இசக்கியம்மாள், வரைவைத் தட்டச்சருக்கு எடுத்துச் செல்லும் வழியில் படித்துவிட்டிருக்கிறார். அவரிடம் கொடுக்காமலே திரும்பி வந்து மேசை முன் நின்றார்.

"சார், உங்க பொறந்தநாள் என்னைக்கு?"

"ஜூன் ஒன்று, 1968."

"எனக்கும் ஜூன் ஒண்ணு. வரி வசூல் கண்ணனுக்கும் ஜூன் ஒண்ணு. வாட்ச்மேனுக்கும் அதான். நம்ம ஆபீஸ்ல முக்காவாசிப் பேரு ஒரே நாள்ல பொறந்திருக்கோம். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு போட்டாரு, நாம வாங்கிக்கிட்டோம். நமக்கு யாரு சார் அறிக்கை எழுதுனா?"

பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியே பணிக்குரிய தேதி என்பது விதி என்று விளக்கினேன்.

"விதிதான், விதிதான்" என்று சொல்லிக்கொண்டே போனார். எந்த விதியைச் சொன்னாரோ.

22 பிப்ரவரி, புதன்

தயாளினி அலுவலகத்துக்கு வந்தார். வரைவை விண்ணப்பதாரருக்குக் காட்ட வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை; காட்டக்கூடாது என்றும் கூறவில்லை. காட்டினேன். அவருக்காக எவ்வளவு வலுவாக வாதிட்டிருக்கிறேன் என்பதை அவர் அறிய வேண்டும் என்று எனக்கு இருந்திருக்கலாம்.

நின்றுகொண்டே படித்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இரண்டாம் பக்கத்திலிருந்து மீண்டும் முதல் பக்கத்துக்குப் போனார்.

"இது யாருக்குத் தெரியும் சார்?"

"எனக்கு. பிறப்புப் பிரிவு உதவியாளருக்கு. உங்கள் தாயாருக்கு, பொருள் தெரியாமல்."

"கலெக்டர் ஆபீசுக்கு?"

"இதுவரை தெரியாது."

"அப்ப நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"தயாளினி, மூன்றாம் பத்தியைப் பாருங்கள். சமத்துவ வாதம் மிகவும் வலுவானது. உயர் நீதிமன்றம் வரை சென்றால்..."

"சென்றால்." அவர் தாளை மேசையில் வைத்தார். "எத்தனை வருஷம் சார்? அஞ்சா, பத்தா? அதுவரைக்கும் நான் யாரு?"

சட்டத்தின் பார்வையில் அவர் என்ன பெயரால் அழைக்கப்படுவார் என்பது எனக்குத் தெரியும். கேட்டதால் சொன்னேன்: சட்டவிரோதக் குடியேறி.

"நான் எங்க இருந்து சார் குடியேறினேன்? உங்க முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரில இருந்தா?"

வெளியே வரி கட்ட நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியபோதுதான் கோபம் தெரிந்தது.

"டிப்ளமோ பரீட்சை எழுத மதுரைக்குப் போகணும்னா தாசில்தார்கிட்ட பர்மிஷன் வாங்கணும். பஸ் லேட்டாகி ஒரு நாள் பிந்தி வந்தேன். எங்கம்மா க்யூ பிராஞ்ச் போலீஸ் முன்னாடி அரை நாள் நின்னாங்க. கவர்மென்ட் லேப்ல ஆள் எடுக்கறாங்க, மார்ச் கடைசி வரைக்கும் போடலாம். இந்த ஊர்ல ரத்தம் குடுத்தவங்கள்ல பாதிப் பேரோட குரூப்பு எனக்கு மனப்பாடம். சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் சார், இதை நீங்க எழுதலைன்னா யாருக்கு நட்டம்? ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க."

யோசித்தேன். நேர்மையாக யோசித்தேன். "கேள்வி நான்கு என்னைக் கேட்கிறது" என்றேன்.

"ஓ. அப்ப உங்களுக்குத்தான் நட்டம்." வரைவை என் பக்கமாகத் தள்ளினார். "நல்ல தமிழ் சார். நீங்க உண்மை சொன்னீங்கன்னு ராத்திரி டைரியில எழுதிட்டு நிம்மதியாப் படுத்துக்குவீங்க. விடிய ஆறு மணிக்கு நான் போய் நிக்கேன், தலை எண்ண."

நான் நாட்குறிப்பு எழுதுவது அவருக்கு எவ்வாறு தெரியும் என்று கேட்கவில்லை. பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார்.

மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

24 பிப்ரவரி, வெள்ளி

படிவத்தின் சொற்களை மீண்டும் பரிசீலித்தேன். "ஐயம் எழுப்பக்கூடிய தகவல்." எனக்கு ஐயமே இல்லை, உறுதியாகத் தெரியும். ஆகவே "இல்லை" என்பதே துல்லியமான விடை என்று வாதிடலாம். இளம் வழக்கறிஞராக இருந்த காலத்தில் இதைக் கண்டுபிடித்திருந்தால் துள்ளியிருப்பேன். இன்று எழுதிப் பார்த்தபோது கூசியது. பொய் சொல்வதாயின் பொய் என்று தெரிந்தே சொல்ல வேண்டும். அதற்கு முகமூடி மாட்டுவது இரண்டாவது பொய்.

26 பிப்ரவரி, ஞாயிறு

கோமதி கோயிலுக்குப் போயிருந்தாள். சில விவரங்களைப் பதிவு செய்கிறேன்.

நான் பிறந்தது கார்த்திகை மாதம். அடைமழையில் ஓட்டு வீட்டின் ஒரு பக்கம் சரிந்த மறுநாள் என்று அம்மா சொல்வாள். ஜூனில் எங்கள் ஊரில் அடைமழை பெய்வதில்லை. பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்பதற்காகத் தலைமை ஆசிரியர் ஆறு மாதத்தை முன்னால் தள்ளினார். வேலையில் சேர்ந்த நாள் முதல் எத்தனையோ படிவங்களில், "மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்" என்பதன் கீழே, 1.6.1968க்குக் கையொப்பமிட்டிருக்கிறேன். ஒருமுறையும் கை நின்றதில்லை. பொய் என்று அதற்குப் பெயர் இருப்பதாகவே தோன்றியதில்லை. ஏனெனில் அதைக் கேட்க யாரும் இல்லை, என் நாடு எது என்று அதைக்கொண்டு யாரும் முடிவு செய்யப் போவதுமில்லை.

"இருபத்தெட்டு ஆண்டில் ஒரு பொய்யான வாக்கியத்துக்கும் கையொப்பமிட்டதில்லை" என்று ஆணையாளரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை தயாளினி கேட்டதற்கு விடை தேடிக்கொண்டே இருக்கிறேன். ஒரே ஒரு ஆள். இன்னும் கிடைக்கவில்லை.

27 பிப்ரவரி, திங்கள்

காலை 11.05. கேள்வி ஒன்று: ஆம். இரண்டு: ஆம். மூன்று: இல்லை. நான்கு: இல்லை.

கையொப்பமிட்டேன். ஆணையாளர் மேலொப்பமிட்டார். "இவ்வளவுதான? இதுக்கா இருபது நாளு?" என்றார். ஆம் அம்மா என்றேன். இரண்டரைப் பக்க வரைவைக் கிழித்து, கிழித்ததை மீண்டும் கிழித்து, கழிப்பறையில் போட்டேன். பாதி மிதந்தது. மூன்று முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

28 பிப்ரவரி, செவ்வாய்

நன்றாக உறங்கினேன் என்று எழுத உட்கார்ந்தேன்.

12 ஏப்ரல், புதன்

ஆட்சியர் அலுவலகத்திலிருந்து எந்த வினாவும் வரவில்லை. தபால் பை வரும் நேரத்தில் நான் மாடிப்படிக்கருகே நிற்பதைப் பணியாளர்கள் கவனித்திருக்கிறார்கள். மூட்டுவலிக்கு நடப்பது நல்லது என்று சொல்லியிருக்கிறேன். அரசு ஆய்வகப் பணிக்கு விண்ணப்பிக்கும் நாள் மார்ச்சோடு முடிந்துவிட்டது. நான் மூன்று வாரம் முன்னதாக அனுப்பியிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது ஊகம். ஊகங்களைப் பதிவு செய்யும் வழக்கம் எனக்கில்லை.

9 ஜூன், வெள்ளி

தயாளினியின் கோரிக்கை ஏற்கப்பட்டது. முகாம் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். நகல் நமக்கும் வந்தது. இசக்கியம்மாள் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டு, என்னைப் பாராமல், "ஒரு தலை கொறஞ்சிட்டு" என்றார்.

முகாம் வாசலில் தங்கரத்தினம் அம்மாள் சொன்ன வார்த்தைகளை நான் இவரிடம் சொன்னதே இல்லை. முகாம்காரர்கள் எல்லோரிடமும் இவர் பேசுவார்.

18 ஜூலை, செவ்வாய்

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் பணி தொடங்கியது. வெளியூரிலிருந்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் இருவர், ஓர் இளைஞரும் ஒரு பெண்ணும். 1987ஆம் ஆண்டு எப்போது வரும் என்று விசாரித்து, அந்நேரத்தில் அங்கிருந்தேன். திரையில் வரிசை எண் 388 உள்ள பக்கம் 97 தோன்றியது. மையில் எழுதியவை அனைத்தும் தெளிவாக இருந்தன. ஓரம் வெண்மையாக இருந்தது.

"ஓரத்துல என்னமோ பென்சில்ல இருக்கு சார். விழல. வெளிச்சத்தைக் கூட்டினா வரும், கூட்டட்டுமா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"தேவையில்லை. அது பதிவின் பகுதியன்று" என்றேன்.

சட்டப்படி சரியான விடை. கைக்குட்டையை எங்கோ தவறவிட்டிருக்கிறேன்.

4 செப்டம்பர், திங்கள்

மக்கள் குறைகேட்பு நாள். நாற்பத்தொரு மனுக்கள். தெருநாய் பதினொன்று, தெருவிளக்கு ஆறு, எஞ்சியவை பெரும்பாலும் குடிநீர்.

பதினான்காவது வார்டுப் பெண்கள் எட்டுப் பேர் காலிக் குடங்களோடு வந்தார்கள். முன்னால் நின்றவர் தயாளினி. சூளைத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்திருப்பது எனக்குத் தெரியாது. ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டோடு வந்திருந்தார். குடத்தை என் மேசைமேல் வைத்தார், கோப்புகளின்மேல்.

"மேலாளர் சார், ஒம்பது நாளா சொட்டுத் தண்ணி இல்ல. போன் பண்ணினா வால்வுங்கறீங்க. ஆளு வந்தா மோட்டாருங்கறான். பக்கத்துத் தெருவுல வாசல் தெளிக்கறாங்க. எங்களை என்ன அகதின்னு நெனச்சீங்களா?"

பின்னாலிருந்த பெண்கள் "அதானே" என்றார்கள். ஒருத்தி குடத்தைத் தட்டினாள். ஆணையாளர் எரிச்சலோடு என்னைப் பார்த்தார். தயாளினியின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னை முன்பின் தெரிந்தவராகவே காட்டிக்கொள்ளவில்லை.

பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். விசாரித்தேன். வியாழக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று தெரிவித்தேன்.

"எந்த வியாழன்?"

"வருகிற வியாழன்."

"வியாழன்னா எப்ப? காலையிலயா, ராத்திரியா? எத்தனை மணிக்கு?"

அவர் கண்களைப் பார்த்தேன். கேலியா என்று தெரியவில்லை. "காலையில்" என்றேன்.

"வாயால சொன்னா ஆகாது சார். எழுதிக் குடுங்க. உங்க கையெழுத்துப் போட்டு."

ஆணையாளர், "அதெல்லாம் வழக்கம் இல்லம்மா" என்றார். அது உண்மை, அத்தகைய வழக்கம் இல்லை. எழுத்து மூலம் தேதி கொடுப்பது நகராட்சியைப் பொறுப்பாக்கும். அதைக் கொடுக்கக்கூடாது என்று இந்த அலுவலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

ஒரு தாளை எடுத்தேன். 7.9.2023, வியாழக்கிழமை, காலை 6.00 மணி முதல், பதினான்காவது வார்டு, சூளைத் தெரு. கையொப்பம். முத்திரை.

வாங்கிப் படித்தார். மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். நன்றி சொல்லவில்லை. "வரலைன்னா வெள்ளிக்கிழமை வருவோம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.